இரண்டு விரல் வாய்

ஜனவரி 9, 2018. செவ்வாய்.

மழை. காலையிலிருந்து தூறல், நிற்கவும் இல்லை, ஒழுங்காகப் பெய்யவும் இல்லை. வா. 2 வி.

வா. என்றால் வாய். வி. என்றால் விரல். ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் விட்டால் போகவேண்டும். எல்லோருக்கும் போகும். தங்கச்சி லீனாவுக்கு ஏழு வயது, அவளுடைய மூன்று விரலும் போய் நாலாவதும் போகும். அவள் கதைக்கிற கதைக்கு அந்த வாய் வேண்டும். எனக்கு இரண்டு. மோசமான நாளில் ஒன்றரை.

இந்தக் கொப்பி பல் டொக்டரின் யோசனை. எப்போது வலிக்கிறது, என்ன சாப்பிட்டபோது, எவ்வளவு திறக்கிறது, எல்லாம் எழுதிக்கொண்டு ஒஸ்பித்தாலுக்குப் போகட்டாம். பிரெஞ்சில் எழுதச் சொன்னார். அவருக்கு வேண்டியதை ஒரு தாளில் சுருக்கிக் கொடுத்தால் போயிற்று. இது தமிழில். வகுப்பில் ஒருவனுக்கும் வாசிக்கத் தெரியாது. லீனா ‘ஆ’வன்னாவைத் தாண்டவில்லை. அப்பா லோட்டோச் சீட்டைத் தவிர வேறு எதையும் வாசித்து நான் கண்டதில்லை. அம்மா வாசிப்பார், ஆனால் நேரமில்லை.

இன்றைய வலி:
காலை, பகெத் பாண். தோலைக் கடித்ததும் இடக்காதுக்கு முன்னால் ‘டக்’. 
பத்து மணி, வகுப்பில் சிரித்தது. ஒரு தரம்தான். அதுவும் வீண், பகிடி அவ்வளவு நல்லதில்லை.
மத்தியானம், இறைச்சி. செருப்பு. மூன்று வாய் மென்று மிச்சத்தை வைத்துவிட்டேன்.
பின்னேரம், ஒன்றும் செய்யவில்லை. அப்போதும் வலி.

வகுப்பில் முப்பத்திரண்டு பிள்ளைகள். பிள்ளைகள் என்றுதான் எழுதவேண்டும், எல்லாம் பதினாறு வயது. எனக்குப் பதினெட்டு. பேப்பரில் எனக்கும் பதினாறு. ஏன் என்பதை இன்று எழுதினால் பல்லைக் கடிப்பேன். பல்லைக் கடிக்கக் கூடாது என்பது டொக்டரின் முதல் கட்டளை.

ஜனவரி 12, வெள்ளி.

குளிர். வா. 2 வி.

லிசேயில் பள்ளி முடிந்ததும் ராணி அன்ரியோடு அவருடைய டொக்டரிடம். ராணி அன்ரி எங்கள் கட்டடத்தில் நாலாம் மாடி, நாங்கள் ஐந்து. இருபது வருடமாகப் பிரான்சில். ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டும் தெரியும், இடம் மாற்றிச் சொல்வார்.

மொழிபெயர்க்க எனக்கென்று ஒரு முறை. ஆள் சொல்வதை ‘நான்’ என்றே சொல்வது. ‘அவ என்ன சொல்லுறா எண்டால்’ என்று சுற்றினால் டொக்டர்மார் குழம்புகிறார்கள், நேரம் போகிறது. பன்னிரண்டு வயதில் கண்டுபிடித்தது. அதனால் இதுவரை எனக்கு மூலம், சர்க்கரை, கர்ப்பப்பையில் கட்டி, மாமியால் நித்திரையின்மை எல்லாம் வந்திருக்கின்றன. இன்று: “எனக்கு மாதவிடாய் நின்று மூன்று வருடம், உடம்பெல்லாம் கொதிக்கிறது.” டொக்டர் சிரிக்கவில்லை. பழகிவிட்டார்.

வெளியே வந்ததும் ராணி அன்ரி, “ஏன் தம்பி வாயை ஒரு பக்கமா இழுத்துக் கதைக்கிறாய், ஸ்டைலோ?” என்றார். 

ஓம் அன்ரி, ஸ்டைல்.

இந்தக் கிழமை கிடைத்த வைத்தியங்கள். அம்மா: நல்லெண்ணெய் ஒத்தடம், கராம்பு. ராணி அன்ரி: குளிர் பிடிச்சது, மப்ளர் கட்டு. கோயிலில் ஒருவர்: சனி. வகுப்பில் மத்தேயோ: சுயிங்கத்தை நிறுத்து. நான் சுயிங்கம் தின்றதே இல்லை. பல் டொக்டர் செய்து தந்த பிளாஸ்டிக் அச்சு: படுக்கும்போது பல்லில் மாட்டுவது, காலையில் கழற்றினால் லீனா மூக்கைப் பொத்துகிறாள். அப்பா: ஒன்றும் சொல்லவில்லை. அவர் எதற்கும் ஒன்றும் சொல்வதில்லை. ரெஸ்டோரன்ட் குசினியில் நின்று வருகிறார், தின்கிறார், படுக்கிறார், திரும்பப் போகிறார்.

ஜனவரி 14, ஞாயிறு. பொங்கல்.

மந்தாரம். வா. 2 வி. பொங்கலை மெல்லத் தேவையில்லை, விழுங்கலாம். தமிழர் பண்டிகைகளில் எனக்கு உபயோகமான ஒன்று.

மத்தியானம் குலம் மாமா வந்தார். உறவு ஒன்றும் இல்லை. லா சப்பேலில் ஒரு தேத்தண்ணிக் கடையின் மூலை மேசையில் முப்பது வருடமாக இருக்கிற ஆள். அகதி விண்ணப்பம், வீட்டு விண்ணப்பம், பிள்ளைக் காசு விண்ணப்பம், எல்லாம் எழுதிக்கொடுப்பார். அழகான கையெழுத்து. பிழையில்லாத பிரெஞ்சு என்று சனம் நம்புகிறது. நான் வாசித்திருக்கிறேன்.

ஒரு தட்டு முறுக்கை எனக்கு முன்னால் வைத்துக்கொண்டு நொறுக்கினார். ஒவ்வொரு கடிக்கும் எனக்குக் காது கூசியது. 

“என்ன தம்பி, பல்லுப் போனால் சொல்லுப் போச்சு எண்டுவினம். உனக்குப் பல்லு இருக்கு, சொல்லைத்தான் காணேல்லை.” 

தானே சிரித்தார். அம்மாவும் மரியாதைக்குச் சிரித்தார்.

“வியாழக்கிழமை ஒஸ்பித்தாலிலை ரொந்தேவூ,” என்றார் அம்மா. “தாடைக்குப் படம் எடுக்கப் போயினம்.”

முறுக்கு நின்றது.

“படமோ? தாடைப் படத்திலை வயசு தெரியும் பிள்ளை. ஞானப்பல்லிலை பிடிப்பாங்கள். பேந்து அந்தப் படம் நேரை வீசா குடுக்கிற பிரெபெக்தூருக்குத்தான் போகும்.”

“அவனுக்கு நோகுது, அண்ணை.”

“நோ மாறும். பேப்பர் பிழைச்சால் மாறுமோ?”

அப்பா பொங்கலைத் தின்றுகொண்டிருந்தார். 

ஜனவரி 18, வியாழன்.

காற்று, குடை இரண்டு தரம் திரும்பியது. வா. 1½ வி.

அம்மா குலம் மாமாவின் பேச்சை மீறி என்னைக் கூட்டிப் போனார். இதை எழுதி வைக்கவேண்டும், அம்மா அடிக்கடி செய்கிற காரியமல்ல. பேப்பரில் நான் மைனர், தனியே போக முடியாது. என்னைக் காட்ட அம்மா வரவேண்டும். அம்மாவுக்குச் சொல்ல நான் வேண்டும். கூத்து.

நாடியை, மோவாயை, ஒரு தாங்கியில் வைத்தேன், மெஷின் தலையைச் சுற்றி வந்தது, பத்து வினாடி. பிறகு சத்திரசிகிச்சை டொக்டர். பெண், குட்டை நரைமுடி, அவசரமில்லாத ஆள். என் வாய்க்குள் அளவுகோல் வைத்த முதல் மனிதப் பிறவி. மற்றவர்கள் எல்லாம் வெளியில் நின்றே கண்டுபிடித்துவிட்டார்கள்.

அவர் சொன்னது: கீழ்த்தாடை ஒரு பக்கம் கூட வளர்ந்து மற்றப் பக்கம் சாய்ந்திருக்கிறது. பல்லோடு பல் பொருந்தவில்லை. காதடி மூட்டு அந்தப் பாரத்தை எடுத்து எடுத்து வீங்கி இருக்கிறது. உன் வயதில் நிறையப் பேருக்குத் தாடை நோவு வரும், அநேகமானோருக்குத் தானாகவே மாறும், உனக்கு மாறாது. கம்பி போட்டுப் பல்லை அடுக்கி, பிறகு தாடையை வெட்டிச் சரியான இடத்தில் வைக்கவேண்டும்.

அம்மாவுக்கு அப்படியே சொன்னேன். “வெட்டி” என்ற இடத்தில் அம்மா என் கையைப் பிடித்தார்.

பிறகு டொக்டர் படத்தை ஆறுதலாகப் பார்த்தார். “ஞானப்பல் வேர் முழுதாக முடிந்துவிட்டது. பதினாறு வயதுக்கு இது கொஞ்சம் அவசரம்.” என்னைப் பார்த்தார். மீசையைப் பார்த்திருப்பார்.

“என்ன சொல்லுறா?” என்றார் அம்மா.

“வடிவான பல்லாம்.”

ஆறு வருடத்தில் முதல் தடவையாகப் பிழையாக மொழிபெயர்த்தேன். அதுவும் எனக்காக.

டொக்டர் முடிவு: பொடியன்களுக்குத் தாடை பதினெட்டு வரை வளரும். வளர்கிற தாடையை வெட்டினால் திரும்பவும் கோணும். ஒரு படத்தை நம்பித் தொடங்கமாட்டேன். பதினெட்டு முடிய வா. அதுவரை அச்சு, குளிசை, மெதுவான சாப்பாடு, கொட்டாவி விடும்போது நாடியைப் பிடித்துக்கொள்.

எனக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம்.

படியிறங்கும்போது அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். வயதைச் சொன்னால் இப்போதே தொடங்குவார்கள், சொல்லாவிட்டால் இன்னும் இரண்டு வருடம். அம்மா யோசித்தார். “ரெண்டு வருசம் தானே அப்பன். பொறுக்கலாம் தானே.”

இரண்டு வருடம்தானே! இந்த வீட்டில் இரண்டு வருடத்துக்கு மதிப்பே கிடையாது. தேவையென்றால் வெட்டி எறிவார்கள்.

இரவுச் சாப்பாடு: இடியப்பம், சொதி. நேற்றும் அது. நாளையும் அது.

ஜனவரி 21, ஞாயிறு.

மழை. வா. 1½ வி. பல்லைக் கடித்தாலும் பரவாயில்லை, எழுதுகிறேன்.

நான் பிறந்தது 1999, கார்த்திகை (நவம்பர்) 14. பிரெஞ்சுப் பேப்பரில் 2001, கார்த்திகை 14. காரணம், என் தகப்பனார். 2004-இல் அவர் பாரிசுக்கு வந்து இறங்கியபோது குலம் மாமாவின் மூலை மேசையில் இருந்துதான் விண்ணப்பம் எழுதினார். அதில் பெற்ற மகனின் பிறந்த வருடத்தைப் பிழையாகச் சொன்னார். நாளும் மாதமும் சரி, வருடம் மறந்துவிட்டது. பசு கன்று போட்ட வருடத்தைக்கூடச் சனம் மறக்காது.

ஆறு வருடம் கழித்து நானும் அம்மாவும் வருவதற்குப் பேப்பர் வந்தபோதுதான் பிழை தெரிந்தது. வேறு மனிதர்களாக இருந்தால் பிழையைத் திருத்துவார்கள். எங்கள் ஆட்கள் பேப்பரைத் திருத்தமாட்டார்கள், பிள்ளையைத் திருத்துவார்கள். குலம் மாமா டெலிபோனில் உத்தரவு போட்டார்: “அவங்கடை பேப்பரிலை எழுதினது தான் பிறப்பு. அதுக்குத் தக்கமாதிரி ஊரிலை புதுப் பிறப்புச் சாட்சிப்பத்திரம் எடுங்கோ.” எடுத்தார்கள். பத்து வயதுப் பிள்ளையை இருத்தி வைத்து ‘நீ எட்டு’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் எழுதியவன் இங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு பூ வரைந்தேன். அன்றிலிருந்து வகுப்புப் படம் எல்லாவற்றிலும் பின்வரிசை, நடு, உயரமான மொக்கன்.

இன்று வீட்டில் மாநாடு. குலம் மாமா, அப்பா, அம்மா, நான். லீனா மேசைக்குக் கீழே.

குலம் மாமாவின் தீர்ப்பு: எங்கள் குடும்பத்தின் பிரெஞ்சுக் குடியுரிமை ஃபைல் இப்போது உள்ளே இருக்கிறது. இந்த நேரத்தில் வயது மாறினால் நாலு பேருடைய ஃபைலும் போச்சு. ஆகவே இனி ஒஸ்பித்தால் வேண்டாம், படம் வேண்டாம். “வேரைப் பார்த்தே அந்த மனிசி சந்தேகப்பட்டிருக்கு. நான் சொன்னன் எல்லோ?”

முட்டாள் சொன்னதில் பாதி சரியாகிவிட்டால் அதைவிடக் கொடுமை இல்லை.

“அப்ப இவன் நோவோடையே இருக்கிறதோ?” அம்மா.

“எத்தினை பேர் குண்டு பட்ட காலோடை திரியினம். இவனுக்கு ஒரு தாடை.”

நான் அப்பாவைப் பார்த்துக் கேட்டேன். வலியோடு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. “உங்களுக்கு நான் பிறந்த வருசம் தெரியாதோ அப்பா?”

அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். “குலம் அண்ணைக்குச் சோறு போடுங்கோ, ஆறுது,” என்று அம்மாவிடம் சொன்னார். போய்க் கோப்பையைக் கழுவினார். ரெஸ்டோரன்டில் பத்து மணித்தியாலம் கழுவியது போதாதென்று அந்த ஒரு கோப்பையை ஐந்து நிமிடம் கழுவினார்.

மேசைக்குக் கீழிருந்து லீனா பிரெஞ்சில்: “அப்போ அண்ணாவின் பிறந்தநாள் கேக்கில் ஒவ்வொரு வருடமும் இரண்டு மெழுகுதிரியைக் களவெடுத்தீர்களா?”

வீட்டில் மூளையுள்ள ஒரே ஆள்.

ஜனவரி 24, புதன்.

வெயில் மாதிரி ஒன்று. வா. 2 வி. குளிசை 3.

மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோவில் ஒருவன் ஆப்பிள் கடித்தான். ஒரு கடியில் கால்வாசி. இறங்கும் வரை அவனை வெறுத்தேன்.

லிசேயில் மத்தேயோ ஒரு பெட்டையை நினைத்து அழுதான். உனக்கு இன்னும் வயது வரவில்லை, அப்போது விளங்கும் என்று சொல்ல வந்து நிறுத்தினேன். எனக்கும் அதே வயதுதானே. ஓம்.

ஜனவரி 31, புதன்.

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன். வா. அளக்கவில்லை. தலையைச் சுற்றிக் கட்டு.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சரித்திர வகுப்பு. சூடாக்கி போட்டுக் கண்ணாடியெல்லாம் நீராவிப் புகார். கொட்டாவி வந்தது. நாடியைப் பிடிக்க மறந்துவிட்டேன். ‘டக்’ இல்லை, ‘டொக்’. வாய் திறந்தது, மூடவில்லை.

தள்ளினேன். மூடவில்லை. 

ஆசிரியை, “சலிப்பாக இருந்தால் கையாலாவது மறைக்கலாம்,” என்றார். வகுப்பு சிரித்தது. நான் அதே வாயோடு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பகிடி விடுகிறேன் என்று நினைத்து இன்னும் சிரித்தார்கள். எச்சில் கொப்பியில் விழுந்தது. யாரோ ஒருவன் படம் எடுக்கப் போனைத் தூக்கினான். மத்தேயோதான் அதைத் தட்டிவிட்டான் என்று பிறகு சொன்னார்கள். சரி, அவனைப் பற்றி எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன்.

தீயணைப்புக்காரர் வந்து அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மைனர், பெற்றோர் வேண்டும். அம்மா ஒரு கந்தோரைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தார், போன் பையில். ஆகவே அப்பா. 

வந்தார். வெள்ளைக் குசினிச் சட்டை, நெஞ்சில் மஞ்சள் கறை, ஜனவரிக் குளிரில் ஜக்கெட் இல்லை. ஓடி வந்திருக்கிறார். என்னைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். எங்கள் வீட்டில் யாருக்கு என்ன நடந்தாலும் டொக்டரிடம் சொல்கிறவன் நான். நான் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன், தூண்டிலில் பிடித்த மீன்.

அப்பா தானே கதைக்க வேண்டி வந்தது. பதினாலு வருடக் குசினிப் பிரெஞ்சு. அங்கே தேவையான சொற்கள்: சூடு, பின்னால், கெதி, ஓம் செஃப். “செஃப்! இது என் மகன். வாய் மூடு இல்லை. கெதி, செஃப், கெதி!” டொக்டரை செஃப் என்றார், தாதியை செஃப் என்றார், தரை துடைக்க வந்தவனையும் செஃப் என்றார். நிலம் பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நன்றி சொல்லியிருப்பேன். அதற்கும் வாய் இல்லை.

இளம் டொக்டர் பெருவிரல்களில் துணி சுற்றி என் கடைவாயில் வைத்துக் கீழே அமுக்கித் தள்ளினார். தலை ஆடாமல் பிடிக்க ஆள் வேண்டும். அப்பா பின்னால் நின்று இரண்டு கையாலும் பிடித்தார். வெங்காய மணம். மூன்று தரம் தள்ளினார்கள். மூன்றாவது தரம் நான் கத்தினேன், அப்போது உள்ளே போனது. டொக்டர் கையை எடுத்த பிறகும் அப்பா எடுக்கவில்லை. 

இளம் டொக்டர் கடிதம் எழுதித் தந்தார்: இது இனி அடிக்கடி கழலும், பெரிய டொக்டரை உடனே பாருங்கள்.

மெத்ரோவில் அப்பா கேட்டார், “அந்த மனிசி சொன்ன ரெண்டு வருசமும் உனக்கு இப்பிடியோ?”

தலையை ஆட்டினேன். கதைக்கக் கூடாது.

லா சப்பேல் வந்தது. இறங்கும்போது, “அடுத்த ரொந்தேவூக்கு நான் வாறன்,” என்றார்.

வந்து? செஃப் என்று கூப்பிடவா?

பிப்ரவரி 3, சனி.

தூறல். வா. 1 வி. கூழாக்கிய சோறு. லீனா எனக்கு ஊட்ட வந்தாள், துரத்தினேன்.

அப்பா என்னைத் தேத்தண்ணிக் கடைக்குக் கூட்டிப்போனார், நான் கேட்கவில்லை. குலம் மாமா மூலை மேசையில், யாருடையதோ வாழ்க்கையை அழகான கையெழுத்தில் பிழையாக எழுதிக்கொண்டு.

“குலம் அண்ணை, வியாழக்கிழமை டொக்டரிட்டை உள்ளதைச் சொல்லப் போறன்.”

பேனை நின்றது. “விசரே உனக்கு? நாலு பேரின்ரை ஃபைல்! போச்சுதெண்டால் பேந்து என்னைக் கேளாதை.”

“கேக்க மாட்டன். அண்டைக்கும் நான் கேக்கேல்லை. நீங்கள்தான் என்னைக் கேட்டனீங்கள்.”

குலம் மாமாவுக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. அப்பா ஒரு தேத்தண்ணி எடுத்து, ஆற்றி, என் பக்கம் தள்ளினார்.

பிப்ரவரி 8, வியாழன்.

பனி. நேற்றுக் கொட்டியது, இன்று ஓரமெல்லாம் கறுப்பு. வா. 1½ வி.

அப்பா லீவு எடுத்தார். சவரம் செய்து, கலியாண வீட்டு ஜக்கெட் போட்டு வந்தார். ஒஸ்பித்தாலில் எல்லோருக்கும் முன்னால் எழும்பி எழும்பி நின்றார். இரு என்று நான் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

டொக்டர் கடிதத்தை வாசித்தார். அப்பா என்னைப் பார்க்காமல் டொக்டரைப் பார்த்துக்கொண்டு தமிழில் தொடங்கினார்.

“சொல்லு. இவன் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு. கார்த்திகை பதினாலு, ஞாயிற்றுக்கிழமை. விடியப்புறம் நாலேகால். நல்ல மழை. கரண்ட் இல்லை, லாம்பு பிடிச்சது நான். இவனுக்குப் பதினெட்டு முடிஞ்சுது.”

 மறந்துவிட்ட வருடமாம். நிமிடக் கணக்கில் சொல்கிறார்.

“அப்ப ஏன் ரெண்டாயிரத்தொண்டு எண்டு குடுத்தனீங்கள்?” கேட்டது டொக்டரல்ல, நான்.

அவர் டொக்டருக்கே சொன்னார்.

“ரெண்டாயிரத்து ரெண்டு கடைசியிலை வெளிக்கிட்டனான். இவனுக்கு அப்பத்தான் மூண்டு முடிஞ்சது. வழியிலை, கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் எங்களை ஒரு அறையிலை போட்டுப் பூட்டிவைச்சவன், ரெண்டு வருசம். இஞ்சை வந்து இறங்கின கிழமை குலம் அண்ணை பேப்பர் எழுதேக்கை கேட்டவர், மகன் பிறந்தது எத்தினையாம் திகதி, என்ன வயசு எண்டு. நான் திகதியைச் சொல்லி, வயசு மூண்டெண்டன். அவர் அதிலையிருந்து எண்ணி வருசத்தைப் போட்டிட்டார். எனக்குப் பொய் சொல்லுற எண்ணம் இல்லை. மறக்கவும் இல்லை. எனக்குத் தெரிஞ்ச பிள்ளைக்கு மூண்டு வயசு தான்.”

நிறுத்திவிட்டு, “சொல்லு,” என்றார்.

டொக்டர் காத்துக்கொண்டிருந்தார். என் வேலை. என் முறை. ‘நான்’ என்றே சொல்வது.

“நான் புறப்பட்டபோது என் மகனுக்கு மூன்று வயது,” என்றேன் பிரெஞ்சில். “இரண்டு வருடம் என்னைப் பூட்டி வைத்திருந்தார்கள். இங்கே வந்தபோது மகனின் வயதைக் கேட்டார்கள். எனக்குத் தெரிந்த பிள்ளைக்கு…”

அதற்கு மேல் வரவில்லை. டொக்டர் வலி என்று நினைத்துத் தண்ணீர் தந்தார். நானும் வலி என்றே வைத்துக்கொண்டேன். குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னேன். ஒரு சொல் விடாமல், வடிவான பல் என்றெல்லாம் இல்லாமல்.

டொக்டர் பழைய படத்தைத் திறந்தார். இப்போது வேரும் வயதும் ஒத்துப்போகிறது, இரண்டு வருடம் காத்திருக்கத் தேவையில்லை என்றார். ‘படத்தின்படி வளர்ச்சி முடிந்தது’ என்று எழுதினார். வயதை எழுதவே இல்லை. இந்தப் படம் பிரெபெக்தூருக்குப் போகுமா என்று கேட்டேன். கேள்வி அவருக்கு விளங்கவில்லை, இரண்டாம் தரம் கேட்டேன். “உன் தாடை அவர்களுக்கு எதற்கு?” என்றார். இந்த ஒரு வசனம் தெரியாமல்தான் இத்தனை நாள் இடியப்பம்.

ஏப்ரலில் கம்பி. அடுத்த வருடம் வெட்டு. பேப்பரில் மைனர்தானே, அப்பா கையெழுத்துப் போட்டார். நாக்கைக் கடித்துக்கொண்டு, தமிழில், முழுப் பெயரும்.

திரும்பும் வழியில் ஒரு பகெத் வாங்கினார். சூடு. லா சப்பேல் பாலத்தில் பனிச்சேற்றில் நடந்துகொண்டே தோலைப் பிய்த்துப் பிய்த்துத் தான் தின்றார். உள்ளே இருந்த வெள்ளையை உருட்டி, ஊதி, என் வாய்க்கு நேரே நீட்டினார். சனம் போகிற தெருவில்.

மூன்று வயதுப் பிள்ளையா நான் என்று கேட்க வந்தது. கேட்கவில்லை. ஒன்றரை விரலுக்கு வாயைத் திறந்தேன்.